கத்தரியும் பசையும் அஞ்சல்தலையும்: வாசகர் கேள்வி–பதில்

கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் முகப்புச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து நான் செய்த ஓர் ஒட்டுச்சித்திர அஞ்சலட்டையைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியான ஐயங்கள் பல இருந்ததால், இம்மாதப் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பழைய வார இதழ்களிலிருந்து படங்களைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டி, தங்கைக்கும் தோழிகளுக்கும் தபாலில் அனுப்புவது என் வழக்கம். “பிள்ளைகள் செய்கிற வேலையை இந்த வயதில் செய்கிறாயே” என்கிறார் என் கணவர். இதைக் கலை என்று சொல்லிக்கொள்ளலாமா?
— வாசகி, செந்தூல்

பதில்: தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் கணவரிடம் மேரி டெலனி என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் கதையைச் சொல்லுங்கள். 1700-இல் பிறந்த அவர், கணவரை இழந்து, தோழியின் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், மேசைமேல் கிடந்த ஒரு சிவப்புக் காகிதத் துண்டும் அருகில் இருந்த ஜெரேனியப் பூவின் இதழும் ஒரே நிறமாக இருப்பதைக் கவனித்து, அந்தக் காகிதத்தை இதழ் இதழாகக் கத்தரித்துக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 72. பார்வை மங்கும்வரை அடுத்த பத்தாண்டுகளில் அவர் செய்து முடித்த காகிதப் பூக்கள் கிட்டத்தட்ட ஆயிரம். அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூவின் காம்பில் உள்ள மெல்லிய நிழலுக்குக்கூட அவர் தனித் துண்டு வெட்டியிருக்கிறார்.

ஒட்டுச்சித்திரத்தைக் குறிக்கும் கொலாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒட்டுதல் என்பதே பொருள். 1912-இல் பிரான்சில், அவிஞோன் நகரக் கடையொன்றில் மரத்தின் வரிகளைப் போல் அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கிவந்து தம் கரிக்கோட்டுச் சித்திரத்தில் ஒட்டினார் ஓவியர் ஜார்ஜ் பிராக். அதே ஆண்டில் பிக்காசோ, நாற்காலிப் பிரம்பு பின்னலை அச்சிட்ட மெழுகுத்துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டுகளையும் கிழிந்த விளம்பரங்களையும் பொறுக்கி ஒட்டத் தொடங்கினார். அவருடைய டிக்கெட்டுத் துண்டுகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், என் சிறுவயதில் பேருந்து நடத்துநர் கையில் இருந்த வண்ணச் சீட்டுக் கட்டுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஒட்டுச்சித்திரத்தைத் தபாலில் அனுப்புவதையே கலையாக்கியவர் அமெரிக்கரான ரே ஜான்சன். 1927-இல் பிறந்த அவர், சிறு ஒட்டுச்சித்திரங்களை நண்பர்களுக்கு அனுப்பி, “இதில் ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்” என்று கேட்டுக்கொள்வார். சில சமயம், “சேர்த்து இன்னாருக்கு அனுப்புங்கள்” என்று மூன்றாமவரைக் கைகாட்டுவார். 1970-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவருடைய பெயரில் நடத்திய கண்காட்சியில், அவருடைய அஞ்சல் நண்பர்கள் அனுப்பியவையே சுவர்களை நிரப்பின. நீங்கள் தங்கைக்கு அனுப்புவதும் அவர் பதில் போடுவதும் இதே வேலைதான், சகோதரி. கணவருக்கும் ஒரு அட்டை அனுப்பிப் பாருங்கள். ஒரே வீடாக இருந்தாலும் தபாலிலேயே போடுங்கள்.

கேள்வி: நான் வரைகலைத் துறையில் வேலை செய்கிறேன். வார இறுதியில் கோலாலம்பூரில் உள்ள அருங்காட்சியகங்களுக்குப் போய்க் கைப்பேசியில் இருநூறு முந்நூறு படங்கள் எடுத்துவருகிறேன். வீட்டுக்கு வந்து கத்தரியை எடுத்தால் ஒன்றும் தோன்றவில்லை. உந்துதல் எப்படிக் கிடைக்கும்?
— வாசகர், செராஸ்

பதில்: தம்பி, முந்நூறு படங்கள் எடுத்த கைக்குப் பார்ப்பதற்கு நேரம் இருந்திருக்காது என்பதே என் சந்தேகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் அலைந்தேன். இப்போது எனக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் சுற்றில் எதையும் குறிக்காமல், எடுக்காமல், கூடங்கள் முழுவதையும் நடந்து முடித்துவிடுவேன். வெளியே வந்து ஒரு தேநீர் குடிக்கும்போது எந்தப் பொருள் மனத்தில் நிற்கிறதோ, அதனிடம் மட்டும் திரும்பிப் போய், அரை மணி நேரம் அதன்முன் இருப்பேன். கையில் ஒரு பென்சிலும் உள்ளங்கை அளவு நோட்டும் போதும். பேனாவைத் தவிர்த்துவிடுங்கள், அரும்பொருள்களுக்கு அருகே மை கொண்டுபோவதைப் பல அருங்காட்சியகங்கள் விரும்புவதில்லை.

அந்த அரை மணி நேரத்தில் நான் தேடுவது ஒன்றே ஒன்று: இந்தப் பொருளில் எது எதோடு எங்கே சேர்கிறது? மரமும் உலோகமும், நூலும் நூலும், ஓடும் சுண்ணாம்பும் சந்திக்கும் அந்த ஓரத்தை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள்? ஒட்டுச்சித்திரம் செய்கிறவனுக்கு வேண்டிய பாடம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் நம் வேலை முழுவதுமே ஒரு துண்டின் ஓரத்தை இன்னொரு துண்டின் ஓரத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே, சிவப்புச் செங்கல்லும் வெள்ளைச் சுண்ணப் பட்டைகளும் மாறி மாறி வரும் பழைய கட்டடத்தில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1896-இல் இரயில்வேத் தலைமையகமாகக் கட்டப்பட்ட அது, 2010-இல் அருங்காட்சியகமானது. அங்கே ஒரு பழைய சொங்கேட் துணியின் முன்னால் நின்றேன். சொங்கேட்டில் பொன்னிழை அடித்துணியின் இழைகளுக்கு நடுவே கூடுதலாகச் செருகப்பட்டு, சில இழைகளின்மேல் மிதந்து, மீண்டும் உள்ளே போகிறது. துணியின் தலைப்பகுதியில், மலாய்க்காரர்கள் பூச்சோக் ரெபோங் என்று சொல்லும் மூங்கில் குருத்து வடிவம், கூரான முக்கோணங்களாக இரண்டு வரிசைகளில் எதிரெதிரே நிற்கிறது. முதலில் என் கண்ணில் பட்டவை பொன் முக்கோணங்கள் மட்டுமே. பத்து நிமிடம் கழித்துத்தான், அவற்றுக்கு நடுவே வெறுமையாக விடப்பட்ட கரும்சிவப்புத் துணியும் முக்கோணமாகவே தலைகீழாக நிற்பது தெரிந்தது. நெய்தவர் ஒரு வரிசையை நெய்ய, இன்னொரு வரிசை தானாக வந்திருக்கிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு என் அம்மாவின் கூறைப்புடவை நினைவுக்கு வந்தது. நம் வீடுகளில் டெம்பிள் பார்டர் என்று சொல்கிறோமே, அந்தப் பல் பல்லான கோபுர வரிசை, காஞ்சிபுரப் பட்டில் உடலும் கரையும் சேரும் இடத்தில் வருவது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தறியின் குறுக்கே இழையைக் கொண்டுபோகும் தனித்தனி நாடாக்களில் ஓடும் இழைகளை நெய்யும்போதே ஒன்றோடொன்று பிணைக்கும் அந்த முறைக்கு நெசவாளர்கள் வைத்திருக்கும் பெயர் கோர்வை. சேரும் ஓரத்தை மறைக்காமல், அதையே அழகாக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, பழைய திருமண அழைப்பிதழின் கரும்சிவப்பு மேலுறையில் முக்கோணங்களை வெட்டி எடுத்தேன். வெட்டிய முக்கோணங்களை ஒதுக்கிவிட்டு, பல் பல்லாக எஞ்சிய தாளைத் தினசரி நாட்காட்டித் தாள் ஒன்றின்மேல் ஒட்டியபோது, இடைவெளிகளின் வழியே இராகு காலமும் எமகண்டமும் துண்டு துண்டாகத் தெரிந்தன. அவ்வளவுதான் அந்த அட்டை. கூலிமில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்த பதில் அட்டையில், எழுத்து எதுவும் இல்லாமல், அம்மாவின் புடவையிலிருந்து பிரிந்த சரிகை இழை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

இதே போல, 1998-இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திலும் ஒரு நாள் செலவிடுங்கள். அங்குள்ள ஓடுகளிலும் மரவேலைகளிலும் வரும் எட்டுமுனை நட்சத்திரத்தை, ஒரே அளவான இரண்டு சதுரங்களை வெட்டி, ஒன்றை அரைக் கால் சுற்றுத் திருப்பி மற்றொன்றின்மேல் வைத்து நீங்களே உண்டாக்கிவிடலாம். அங்கிருந்து எங்கே போவது என்பதை உங்கள் கத்தரி சொல்லும்.

கைப்பேசிப் படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அனுமதி உள்ள இடத்தில், மின்னொளி இல்லாமல், நீங்கள் அரை மணி நேரம் பார்த்த பொருளை மட்டும் இரண்டு படம் எடுங்கள். இன்றைய ஓவியர்களின் படைப்புகளை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதில் மட்டும் கவனமாக இருங்கள். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பாளியின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளுக்கும் உரிமை நீடிக்கிறது. நீங்களே பென்சிலால் வரைந்துவந்த கோட்டுக்கு அந்தக் கவலை குறைவு.

கேள்வி: நான் ஒட்டும் அட்டைகள் எல்லாம் இரண்டே நாளில் அப்பளம்போல் வளைந்துவிடுகின்றன. சில துண்டுகள் தாமாகவே உரிந்து விழுகின்றன. என்ன பசை வாங்கலாம்?
— வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால், இது பினாங்கில் ஒட்டுகிற எல்லாருக்கும் வருகிற தொல்லை. காகிதம் ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கும். அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் பசை தடவி ஒட்டினால், அந்தத் தாள் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே, முன்பக்கம் ஒட்டியதும் பின்பக்கமும் ஏறத்தாழ அதே தடிப்புள்ள வெள்ளைத் தாள் ஒன்றை முழுதாக ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நேராக நிற்கும். முகவரி எழுதவும் சுத்தமான இடம் கிடைக்கும். பிறகு இரண்டு மெழுகுத்தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை அதன்மேல் அடுக்கி, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். நான் என் பெரிய சமையல் அம்மியைத் துணியில் சுற்றி வைக்கிறேன்.

பசையில், தச்சர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும், பி.வி.ஏ. என்று போட்டிருக்கும், காய்ந்தால் கண்ணாடிபோல் ஆகிவிடும். அதைக் குழாயிலிருந்து நேரே பிதுக்காமல், கொஞ்சம் தண்ணீர் கலந்து, தட்டையான தூரிகையால் மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தேய்த்துவிடுங்கள். உதட்டுச்சாயம்போல் திருகி எடுக்கும் பசைக்குச்சி அவசரத்துக்கு நல்லது, ஆனால் நாளாக ஆக ஓரங்கள் எழும்பும். இரப்பர் பசையும் செலோடேப்பும் மஞ்சளாகிக் காகிதத்தையும் கறையாக்கிவிடும். மைதாக் கூழ் நம் பாட்டிமார் காலத்துப் பசை, எனக்கு அதன்மேல் பிரியமும் உண்டு. ஆனால் இந்த ஈரத்தில் அதில் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி அதைத் தேடிவரும்.

பேருந்துச் சீட்டு, கடை இரசீது, சில அருங்காட்சியக நுழைவுச் சீட்டு ஆகியவை வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருவதால், எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அவற்றை ஃபோட்டோஸ்டாட் எடுத்து, நகலை ஒட்டுங்கள். வீட்டு இங்க்ஜெட் அச்சியில் எடுத்த படம் மழைத்துளி பட்டால் கரையும் என்பதால், ஃபோட்டோஸ்டாட் கடை நகலே தபாலுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: எங்கள் தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் சேர்த்துவைத்த பழைய தமிழ் நேசன் இதழ்கள் ஓர் இரும்புப் பெட்டி நிறைய இருக்கின்றன. தாள் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. “எப்படியும் போகப்போகிறது, நீ வெட்டி ஒட்டிக்கொள்” என்கிறார் அப்பா. வெட்டலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன அந்த நாளிதழில், இந்நாட்டுத் தமிழர்களின் தோட்டத்து வாழ்க்கையும், திருமண அறிவிப்புகளும், கண்ணீர் அஞ்சலிகளும், அரிசி விலையும், பள்ளித் தேர்வு முடிவுகளும் நாள்தோறும் அச்சாகியிருக்கின்றன. உங்கள் பெட்டியில் உள்ள ஒரு நாளிதழ், வேறு எங்கும் மிஞ்சாத நாளாக இருக்கக்கூடும்.

செய்தித்தாள் மரக்கூழில் செய்யப்படுவதால், அதில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுத் தாளை மஞ்சளாக்கி, பொடியாக்குகிறது. உதிர்வதை முழுவதும் நிறுத்த முடியாவிட்டாலும், மெதுவாக்க முடியும். இரும்புப் பெட்டி துருப்பிடித்திருந்தால் இதழ்களை அமிலமில்லாத அட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள்; மடிப்புகளை வலிந்து விரிக்காமல், இதழ்களைத் தட்டையாக, இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில், தரையில் படாமல் வையுங்கள். பிறகு எந்தெந்த ஆண்டு, மாதம், நாள் என்று ஒரு பட்டியல் எழுதி, தேசிய நூலகத்துக்கோ தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கோ ஒரு கடிதம் போடுங்கள். அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறதா என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும்.

ஒட்டுச்சித்திரத்துக்கு, வேண்டிய பக்கங்களை மேலிருந்து படம் எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். நகலில் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு: ஒரே எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கலாம், விளம்பரப் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பலாம், தவறாக வெட்டினால் மறுபடியும் அச்சிடலாம். பழுத்த தாளின் நிறம்தான் உங்களை ஈர்க்கிறது என்றால், நகலைச் சூடு ஆறிய தேநீர்ச் சாயத்தில் ஒரு நிமிடம் முக்கி, நிழலில் உலர்த்துங்கள்; ஃபோட்டோஸ்டாட் மை கரையாது. முதல் அட்டையை உங்கள் அப்பாவுக்கு அனுப்புங்கள், தாத்தா எந்த வரியையாவது பேனாவால் கோடிட்டு வைத்திருந்தால் அந்த வரியைக் கொண்டு.

கேள்வி: அழைப்பிதழ்கள், ஊதுபத்திப் பெட்டிகள், நாட்காட்டிகள் எல்லாவற்றிலும் சாமி படம் இருக்கிறது. வெட்டினால் குற்றம் என்கிறார் என் மாமியார்.
— வாசகி, கிள்ளான்

பதில்: மாமியாரின் மனம் நோகாமல் செய்வதே நல்லது, அதில் எனக்கும் உடன்பாடுதான். சாமி படத்தை முழுதாகத் தனியே எடுத்து, வீட்டு வழக்கப்படி கோயில் மரத்தடியிலோ ஓடும் நீரிலோ சேர்த்துவிடலாம் என்று முன்பு நான் எழுதியதுண்டு. இப்போது நீரில் விடச் சொல்வதில்லை, அச்சு மையும் பிளாஸ்டிக் பூச்சும் ஆற்றுக்கு ஆகாது. ஓர் உறையில் போட்டுப் பூசையறையிலேயே வைத்திருங்கள். நமக்கு வேண்டியது படத்தைச் சுற்றியுள்ள சரக்கு: பொன் ஓரம், மாவிலைத் தோரணம், வாழை மரம், அழைப்பிதழின் மூலையில் தடவிய மஞ்சள். அந்த மஞ்சள் மூலைகளை நான் ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வேறு மஞ்சள்.

கேள்வி: கோலாலம்பூருக்கு அடிக்கடி வர முடியாது. பினாங்கிலேயே இருக்கும் என்னைப் போன்ற மாணவர்கள் எங்கே போய்ப் பார்ப்பது?
— கல்லூரி மாணவர், குளுகோர்

பதில்: ஒட்டுச்சித்திரக்காரனுக்கு ஜார்ஜ்டவுனைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இந்நாட்டில் இல்லை. லீத் தெருவில், சியோங் ஃபாட் ஸீ என்ற சீன வணிகரின் நீல மாளிகைக்கு வழிகாட்டியுடன் சுற்றிப்பார்க்கும் நேரத்தில் போங்கள். சுவரின் நீலம், சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்தது. நம் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சாயமேற்றிய அதே அவுரிதான். ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது கூரையை. அங்கே பூக்களும் பறவைகளும் மனிதர்களுமாக இருப்பவை முழுவதும் பீங்கான் துண்டுகள். இதற்கென்றே பல நிறங்களில் செய்த கிண்ணங்களைக் குறடால் நறுக்கி, ஒவ்வொரு சில்லையும் இதழாகவும் இறகாகவும் சாந்தில் பதித்திருக்கிறார்கள். சியென் நியென் என்ற அந்தக் கலைப் பெயருக்கு, வெட்டி ஒட்டுதல் என்றே பொருள். கிண்ணத்தின் வளைவு சில்லில் அப்படியே தங்கியிருப்பதால், பூவிதழின் வளைவை யாரும் தனியே செதுக்க வேண்டியிருக்கவில்லை. கேனன் சதுக்கத்தில் கூ குலத்தாரின் மன்றமான கூ கொங்சியின் கூரையிலும் இதே வேலையைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்து, சாக்லெட் தாள், மடித்த பத்திரிகைத் தாள், சுருண்ட பென்சில் சீவல் போன்று ஏற்கெனவே ஏதாவது ஒரு வளைவோ மடிப்போ உள்ள பொருள்களை மட்டும் கொண்டு ஒரு பறவை செய்து பாருங்கள்.

சர்ச் தெருவின் பெரானாக்கான் மாளிகையில் மணி கோத்த காலணிகளைத் தவறவிடாதீர்கள். பிறகு, நம் பெரியவர்கள் கடைத்தெரு என்றே சொன்ன லெபோ பசாருக்கு நடந்து வந்து, அஞ்சடியில் தொங்கும் பூச்சரங்களையும், பலகாரக் கடையின் பெட்டிகளையும், தூணில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிழிந்த சுவரொட்டிகளையும் அதே பொறுமையோடு பாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை.

அஞ்சல் கலைக்காரனுக்கு இந்தத் தீவில் இன்னொரு சொத்தும் உண்டு. 1854 முதல் இங்கிருந்து போன கடிதங்களில் இந்திய அஞ்சல்தலைகளே ஒட்டப்பட்டன. 1867 ஏப்ரலில் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து நீரிணைக் குடியேற்றங்கள் என்ற தனிக் காலனியாகின. புதிய தலைகள் வந்துசேரும்வரை, அதே இந்தியத் தலைகளின்மேல் ஒரு கிரீடத்தையும் புது விலையையும் அச்சடித்து அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்டார்கள். விக்டோரியாவின் முகம், அதன்மேல் கிரீடம், கீழே காசுக் கணக்கு, அதற்கும் மேல் தபால் முத்திரை என்று நான்கு அடுக்குகள் ஒரு நகத்தின் அளவில் இருக்கும். அஞ்சல்தலைக் கண்காட்சி எங்காவது நடந்தால், உருப்பெருக்குக் கண்ணாடியோடு போய் அதைப் பாருங்கள்.

கேள்வி: உறையில் போடாமல் அப்படியே அனுப்பிய என் அட்டை கிழிந்து போய்ச் சேர்ந்தது. அஞ்சலகத்தில் எதை ஏற்றுக்கொள்வார்கள்?
— வாசகர், கெப்போங்

பதில்: என் அனுபவத்தில், 10.5-க்கு 14.8 சென்டிமீட்டர் அளவு, அதாவது ஏ4 தாளில் கால் பங்கான ஏ6 அளவு, எந்த நாட்டுக்கும் தொல்லையில்லாமல் போகிறது. அட்டை தடிமனாக இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் போதும், காலை உணவுப் பெட்டியின் அட்டையும் ஆகும். எல்லாத் துண்டுகளின் ஓரமும் நன்றாகப் படிந்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள், ஏனென்றால் எழும்பி நிற்கும் ஓரம்தான் இயந்திரத்தின் உருளைகளில் முதலில் சிக்கும். நான் ஒருமுறை சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டி அனுப்பினேன். பொத்தான் இல்லாமல், அது இருந்த இடத்தில் ஓர் ஓட்டையோடு அட்டை போய்ச் சேர்ந்தது. பொத்தான், மணி, நூல்கட்டு, நாணயம் எல்லாம் உறைக்குள் போகட்டும். உறை தடிமனாக இருந்தால் முகப்பில் கொடுத்து எடை போடச் சொல்லுங்கள்.

முகவரிப் பக்கத்தில் அலங்காரம் வேண்டாம். வலது மேல் மூலையில் உண்மையான அஞ்சல்தலை மட்டும் இருக்கட்டும். நீங்களே வரைந்த பாவனைத் தலைகளையும் பழைய தலைகளையும் மறுபக்கத்தில் ஒட்டுங்கள். முகவரியை ரோமன் எழுத்தில், ஐந்திலக்க அஞ்சல் குறியீட்டோடு எழுதுங்கள். செய்திப் பக்கம் முழுவதும் தமிழுக்கு. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, விதை, காய்ந்த இலை, பூ ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் தாவரப் பொருள்களைப் பறிமுதல் செய்துவிடும்.

கேள்வி: எனக்கு அனுப்ப ஆளில்லை. உறவினர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். நான் யாருக்கு அனுப்புவது?
— வாசகி, பிறை

பதில்: எனக்கு அனுப்புங்கள். இதைக் கேட்டது நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல என்பதால், எல்லா வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அஞ்சல் கலையில் பல காலமாக ஒரு வழக்கம் இருக்கிறது: அழைப்பு விடுக்கிறவர் கட்டணம் வாங்குவதில்லை, நடுவர் வைத்துத் தேர்வு செய்வதில்லை, வந்தது எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்கிறார், அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பங்கேற்றோர் பட்டியலை அனுப்பிவைக்கிறார். அனுப்பிய அட்டை மட்டும் திரும்ப வராது. அதே வழக்கத்தில், இந்த இதழின் ஆசிரியர் இசைவுடன், இம்மாத அழைப்பை விடுக்கிறேன். தலைப்பு “ஓரம்”. ஏ6 அளவில் ஓர் அட்டை. இதழின் அலுவலக முகவரிக்கு, உறை இல்லாமல், இந்தப் பக்கத்தின் பெயரைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். பள்ளிப் பிள்ளைகளும் அனுப்பலாம். எந்த அருங்காட்சியகத்தில், அல்லது எந்தத் தெருவில், எந்தப் பொருளைப் பார்த்துச் செய்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். உங்கள் முகவரியைத் தெளிவாக எழுத மறந்துவிடாதீர்கள். வருகிற ஒவ்வோர் அட்டைக்கும் நான் ஓர் அட்டை செய்து அனுப்பப் போகிறேன், மஞ்சள் மூலைகள் அந்தத் தகர டப்பாவில் நிறையவே இருக்கின்றன.